வட்டியும் வருமானச் சான்றிதழும்

வட்டி ஹராம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அந்தச் சட்டத்தை முதலில் யார் வீட்டு வாசலில் போய்ச் சொல்வது என்பதில்தான் எனக்கும் எங்கள் ஜமாஅத்தார் சிலருக்கும் ஓயாத வழக்கு. ஜூன், ஜூலை வந்தால் அது தானாகக் கிளம்பிவிடும். தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங் சூடு பிடிக்கும் மாதங்களில்தான் நான் இருக்கும் ஓமானின் சலாலாவில் கரீஃப் என்ற மழைக்காலம். வளைகுடா முழுக்க வெயிலில் வேகும்போது இங்கே மட்டும் மலையில் மூட்டமும் ஊசித் தூறலும். மஸ்கட், துபாய், ரியாத் பக்கத்துக் கார்கள் வந்து குவியும். வாடகை ஏறும். இளநீர்க் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அந்த அமளிக்கு நடுவில் ஊரிலிருந்து போன் வரும்: பிள்ளைக்கு சீட் கிடைத்துவிட்டது, பீஸுக்கு என்ன வழி?

நான் சலாலாவை ஒட்டிய ரைசூத்தில் கட்டடச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஊர் அதிராம்பட்டினம். படிவம், விண்ணப்பம் என்று யாருக்கு எது வந்தாலும் என் மேஜைக்கு வந்து சேரும். அப்படி வந்தவர்தான் எங்கள் லாரி ஓட்டும் தம்பி, ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். மூத்த மகளுக்கு ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"காக்கா, பேங்க் லோன் போடலாம்னு இருந்தேன். ஹஜ்ரத்துகிட்ட கேட்டா, வட்டி ஹராம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். புள்ளைய வீட்ல உட்கார வைக்கவா?"

முதலில் கணக்கைப் பார்ப்போம் தம்பி, மார்க்கத்துக்கு அப்புறம் வருவோம் என்றேன். கடன் என்ற பேச்சுக்கே முன்னால், திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தாய் தகப்பன், பாட்டன் பாட்டி, உடன்பிறந்தவர் என்று குடும்பத்தில் ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்றால் தமிழக அரசின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் வந்திருக்க வேண்டும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கட்டணமும் அரசுடையது. ஓமான் போன்ற நாடுகளில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளரின் பிள்ளைகள் இந்தியாவில் படிக்க, 2006-07இல் தொடங்கிய வெளிநாட்டு இந்தியர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் தனிப் பங்கு வைத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டவர்கள் எங்கள் லேபர் கேம்பில் அநேகமாக யாரும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பள்ளம் விழுந்தால்தான் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி நான்கு லட்சம் வரை அடமானமும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் எடுத்து, பத்து சதவீதம் தனிவட்டி என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, கடைசிக்கு 20,000. தவணை தொடங்கும் முன்பே 1,40,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் விதிக்குள் வந்தால், இந்த 1,40,000ஐ மத்திய அரசு வங்கிக்குக் கட்டிவிடுகிறது. 2009-10 முதல் இருக்கும் வட்டி மானியம் இது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்கு ஜாமீன் இல்லாக் கடன். எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்குப் பத்து லட்சம் வரையான கடனில் மூன்று சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

தம்பியின் முகம் தெளிந்தது. "அப்ப வட்டிய கவர்மெண்டுதானே கட்டுது? நமக்குப் பாவம் இல்லதானே?"

அது அவ்வளவு லேசாக முடிகிற விஷயமில்லை. பத்திரத்தில் வட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நாம். யார் கட்டினாலும் வட்டி வட்டிதான். அரசு கட்டுவதும் படிப்புக் காலம் முடிந்து ஒரு வருடம் வரைதான். அதற்குள் அசலை அடைத்துவிட்டால் கையிலிருந்து ஒரு பைசா வட்டி போகாது, முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமும் இல்லை. அப்படி அடைக்கிற உறுதியோடு வாங்குவதை நிர்ப்பந்தம் என்ற கணக்கில் பொறுத்துக்கொள்ளும் ஆலிம்களும் இருக்கிறார்கள், கூடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். சலாலா இருக்கும் இந்த ளுஃபார் பகுதியில் உள்ளவர்களும் எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களும் ஷாஃபி மத்ஹபு என்ற ஒரே சட்டப் பிரிவுதான். இந்தக் கேள்வியில் மட்டும் ஆளுக்கொரு பதில்.

நான் ஆலிம் இல்லை. ஆனால் குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தை வரிசையாக ஓதுகிறவன் யாரும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வட்டியைத் தடுக்கும் வசனங்கள் 275இல் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் 261 முதல் 274 வரை பதினான்கு வசனங்கள் கொடுப்பதைப் பற்றியே பேசுகின்றன: எப்படிக் கொடுப்பது, சொல்லிக்காட்டாமல் கொடுப்பது, கேட்கக் கூசும் ஏழையைத் தேடிப் போய்க் கொடுப்பது. அதெல்லாம் முடிந்த பிறகே வட்டி வருகிறது. வந்த பிறகும் 280, கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் கொடு, விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்கிறது. குர்ஆனிலேயே நீளமான வசனமான 282 கடனை எழுதி வைப்பது எப்படி என்று விளக்குகிறது. நபியவர்கள் இறுதிப் பேருரையில் வட்டியை ரத்து செய்தபோது முதலில் ரத்தானது தம் சொந்தச் சிறிய தகப்பனார் அப்பாஸுக்கு வரவேண்டியிருந்த வட்டி. கொடுத்தவன் பக்கத்தில், அதுவும் தன் குடும்பத்தில் தொடங்கிய சட்டம் அது. பதினான்கு வசனங்களைத் தாண்டிக் குதித்து, கையில் காசில்லாத பெண்பிள்ளையிடம் 275ஐ மட்டும் ஓதிக் காட்டுவது என்ன நியாயம்?

எங்கள் முன்னோர்கள் இந்த வரிசையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951. எங்கள் ஊர் காதிர் முகைதீன் கல்லூரி 1955. வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் நிலமும் பணமும் எழுதி வைத்து எழுந்தவை. இன்றைக்கு வளைகுடாப் பணத்தில் மினாராவுக்கு மேல் மினாரா உயர்கிறது, நிக்காஹ் மண்டபத்துக்கு ஏசி போடுகிறோம். பைத்துல்மால் என்ற பொது நிதி இல்லாத ஊர் குறைவு. அங்கே நகையை வைத்தால் வட்டியில்லாமல் சின்னக் கடன் கிடைக்கும். நான்கு வருடப் படிப்பைத் தாங்கும் அளவுக்கு அதை யாரும் வளர்க்கவில்லை.

மாற்று வழி செய்து தராமல் தடையை மட்டும் வைப்பது உலகமெங்கும் நடக்கிறது. பிரிட்டனில் மாணவர் கடனுக்கு வட்டி உண்டு என்பதால் ஒதுங்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு வட்டியில்லா மாற்று ஏற்பாடு செய்வோம் என்று 2013இல் பிரதமர் கேமரூன் சொன்னார். அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் 2017இல் வந்தது. பணம் மாணவர் கைக்கு வந்து சேரவில்லை. ஓமானே இஸ்லாமிய வங்கிக்கு 2011இல்தான் கதவைத் திறந்தது, வளைகுடா நாடுகளில் கடைசியாக. முதல் வங்கியான பேங்க் நிஸ்வா 2013இல் வேலை தொடங்கியது. அதுவரை இங்குள்ளவர்களும் வழக்கமான வங்கிகளோடுதான் காலம் தள்ளினார்கள். உயர்கல்வியில் மட்டும் இவர்கள் பாடு தேவலை. ஓமானியப் பிள்ளைகள் பலருக்கு அரசே இடம் ஒதுக்கிச் செலவையும் ஏற்கிறது. கடனா தானமா என்று தலையை உடைத்துக்கொள்ளும் நிலை எங்கள் பிள்ளைகளுக்குத்தான்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. வட்டி என்றதும் பதறுகிற சிலர், வருமானச் சான்றிதழ் என்றதும் பதறுவதில்லை. தகப்பன் சலாலாவில் 200 ரியால் வாங்குகிறான். ரியால் 220 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,28,000. நாலரை லட்ச வரம்பைத் தாண்டிவிட்டது. உடனே யோசனை: வளைகுடாச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஊரில் இருக்கும் பிள்ளையின் உம்மா பெயரில், கூலி வேலை என்று போட்டு 72,000 ரூபாய்க்குச் சான்றிதழ் வாங்கு! இதைச் சொன்ன ஒருவர் வட்டிக்கு எதிராகக் கண்ணீர் விட்டவர். எட்டு லட்ச வரம்புள்ள வித்யாலட்சுமிக்கும் இதே யோசனையைச் சொன்னால் என்ன ஆகும்? அதன் வட்டிச் சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டும். பொய்க் கணக்கில் ஒருவர் நுழைந்தால் உண்மையான ஓர் ஏழைப் பிள்ளை வெளியே நிற்கும். அந்தப் பிள்ளை யார், எந்த மதம், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. தெரியாதவனின் ஹக்கை, அவன் உரிமையைப் பறித்தால் மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் கிடைக்க மாட்டான். வட்டியை நிர்ப்பந்தம் என்று வாதாடவாவது இடம் இருக்கிறது. இதற்கு என்ன வாதம்?

நம் தம்பிக்கு அந்தத் தொல்லை வரவில்லை. அவர் சம்பளம் 150 ரியால், ஆண்டுக்கு 3,96,000. உள்ளதை உள்ளபடி எழுதினாலே வரம்புக்குள். மகள் முதல் பட்டதாரி. கடன் விண்ணப்பத்தில் தகப்பனுக்குப் பதில் தாயே இணைக் கடனாளியாகக் கையெழுத்திட ஊர் வங்கிக் கிளை சம்மதித்தது. இல்லாவிட்டால் பவர் பத்திரம், அதற்குத் தூதரகச் சான்று என்று அலைய வேண்டியிருக்கும், கரீஃபில் யார் லீவு கொடுப்பார்கள்? ஹஜ்ரத்திடம் நானே போனில் பேசினேன். நிர்ப்பந்தம் என்கிறீர்கள், அந்த நிர்ப்பந்தத்தை யார் உண்டாக்கியது என்று கேட்டார். நாம்தான் என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஜக்காத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். சலாலாவிலிருந்தும் மற்ற வளைகுடா ஊர்களிலிருந்தும் ரமலானில் ஊருக்கு ஜக்காத் அனுப்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நாலு பேர் சேர்ந்து, படிப்பு முடிக்கப்போகும் ஒரு பிள்ளையின் கடன் அசலை, வட்டி மானியம் நிற்பதற்கு முன்பு அடைத்துக் கொடுங்கள். அதைச் செய்துவிட்டு ஹராம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.