நூற்று முப்பத்து நான்காம் இடம்

தன் தொழிலில் முதலிடம் தனக்குக் கிட்டாது என்று அறிந்த பின்னும் ஒருவர் அதில் முழு மனதோடு உழைப்பது அறிவுடைமையா, வீண் பிரயாசையா? இக்கேள்வி நம் இல்லங்களில் பல உருவில் எழுவதுண்டு. வகுப்பில் இருபதாவதாக வரும் பிள்ளையைக் குறித்தும், பல்லாண்டுகளாய்ப் பதவி உயர்வு காணாத குடும்பத் தலைவரைக் குறித்தும் நாம் இதையே கேட்கிறோம். டென்னிஸ் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்களின் வாழ்க்கை இதற்கு நல்ல உரைகல்லாகும். ஏனெனில், உலகில் தான் எத்தனையாவது ஆள் என்பது அங்கே ஒவ்வொருத்திக்கும் எண்ணிலேயே சொல்லப்படுகிறது.

விம்பிள்டன் முதலிய நான்கு பெரும் பந்தயங்களிலும் பெண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். தோற்றவர் வெளியேற வேண்டும் என்பது விதி. முதல் சுற்று முடிந்ததும் 64 பேர் ஊர் திரும்புவார்கள். முடிவில் ஜெயித்தவள் ஒருத்தி. தோற்றவர்கள் 127 பேர். அந்த 128-ல் இடம் பெறுவதே அரிது. உலக வரிசையில் ஏறத்தாழ முதல் நூறு பேருக்கு நேரே இடம் உண்டு. பின்தங்கியவர்களில் பெரும்பாலோர் தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை ஜெயித்தே உள்ளே வர வேண்டும். பெற்ற இடமும் நிலையல்ல. புள்ளிகள் 52 வாரங்களில் கழிந்துவிடும். சென்ற ஆண்டு செய்ததை இவ்வாண்டும் செய்தால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம்.

நம் கோயமுத்தூரில் 1976-ல் பிறந்த நிருபமா வைத்தியநாதனைப் பாருங்கள். தந்தையிடமே ஆட்டம் பயின்ற இவர், 1998-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இத்தாலியின் குளோரியா பிட்ஸிசினியை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களும் பெரும் பந்தயங்களில் ஆடலாம் என்று 1968-ல் விதி மாறிய பிறகு, அவற்றின் பிரதான ஒற்றையர் சுற்றில் ஓர் ஆட்டத்தை ஜெயித்த முதல் இந்தியப் பெண் இவரே. அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலமும் பெற்றார். ஆனால் உலக வரிசையில் இவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 134. எண்ணை மட்டும் பார்ப்பவன், இவருக்கு மேலே 133 பேர் இருந்தார்களே என்பான். அதுவும் உண்மைதான். ஆனால் அவன் கண்டது உண்மையில் பாதியே.

இனி வரவு செலவைப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டின் கணக்கைச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் ஆராய்ந்து வெளியிட்டது. அவ்வாண்டு தொழில்முறைப் பந்தயங்களில் ஆடிய பெண்கள் 4,862 பேர். அவர்களில் 2,212 பேர் பரிசுப் பணமாக ஒரு காசும் பெறவில்லை. பிரயாணம், தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுதல், சலவை இவற்றிற்கே ஆண்டுக்குச் சராசரி 40,180 டாலர் செலவாயிற்று. பயிற்சியாளரின் சம்பளம் இதில் சேரவில்லை. இக்கணக்கின்படி பெண்களுக்கு வரவும் செலவும் சரியாக நிற்கும் இடம் 253. அதற்குக் கீழே உள்ளவள் பெரும்பாலும் கைப்பொருளையோ பெற்றோரின் பணத்தையோ இழந்துதான் ஆடுகிறாள்.

இந்த நெருக்கடியில்தான் சோதனை வருகிறது. சூதாட்டக்காரர்கள் இப்போது மிகச் சிறிய ஆட்டங்களின் மேலும், ஏன், ஒரேயொரு செட்டின் மேலும்கூடப் பணம் கட்டுகிறார்கள். “முதல் செட்டை மட்டும் விட்டுக்கொடு, பிறகு ஆட்டத்தை நீயே ஜெயித்துக்கொள்” என்று ஒருவன் காதில் ஓதுகிறான். அவன் நீட்டும் தொகை அந்த வாரத்துப் பரிசைவிடப் பன்மடங்கு பெரிது. 2018-ல் அறிக்கை வெளியிட்ட சுதந்திர விசாரணைக் குழுவிடம், ஆணும் பெண்ணுமாய் 3,200-க்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களில் 464 பேர் இத்தகைய மோசடியைத் தாங்கள் நேரில் அறிந்ததாகக் கூறினார்கள்.

இதற்குச் சொல்லும் சாக்குகள் மூன்று. முதலாவது, “எப்படியும் நான் தோற்றிருப்பேன்.” தோற்பது வேறு, தோல்வியை விற்பது வேறு. தோற்பவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டாள். விற்பவள் கொடுக்க வேண்டியதை மறைத்துக்கொண்டாள். இரண்டாவது, “யாருக்கும் நஷ்டமில்லை.” நஷ்டம் உண்டு. எதிரே நின்றவள் தான் பெற்ற ஜெயம் மெய்யா பொய்யா என்று அறியாமலே போகிறாள். அந்த ஆட்டத்தால் வரிசையில் தள்ளப்பட்ட மூன்றாமவளுக்கும் அநியாயம் நேருகிறது. மூன்றாவது, “வறுமை.” இதைத்தான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். வறுமை அவளுடைய குற்றத்தின் பாரத்தைக் குறைக்கலாம். ஆனால் அச்செயலை நியாயமாக்கிவிடாது. அன்றியும், குறைந்த பாரம் காற்றில் மறைவதில்லை. கோடிக்கணக்கான பணம் புழங்கும் ஒரு விளையாட்டில் உழைப்பவளைச் செலவுக்கும் வழியில்லாமல் விட்டவர்கள் தலைமேல் அதில் ஒரு பங்கு விழுகிறது. பரிசுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தமின்மையே பலரைச் சோதனைக்குள் தள்ளுகிறது என்று மேற்சொன்ன குழுவும் கண்டது.

அப்படியானால் அவள் என்ன செய்வாள்? விலகிப் போகலாம். அதில் இழிவில்லை. வீட்டாரைக் கடனில் ஆழ்த்தித் தன் ஆசையை வளர்ப்பதைவிட மட்டையைக் கீழே வைப்பதே சில வேளை மேலான கடமை. ஆனால் ஆட்டக்களத்தில் நிற்கும்வரை, பார்ப்பவர் பத்துப் பேராயினும், அடுத்த பந்திற்கு அவள் முழுமனதாய் ஓடக் கடமைப்பட்டவள். இதற்குப் பெயர் பிரமாணிக்கம். அது முதலிடத்தில் இருப்பவளுக்கும் நானூறாம் இடத்தில் இருப்பவளுக்கும் ஒரே அளவாய்க் கேட்கப்படுகிறது.

பெற்றோரே, பரீட்சை முடிவு வரும் நாளில் நாம் பிள்ளையிடம் முதலில் கேட்பது, “எத்தனையாவது வந்தாய்?” என்பதே. அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எண்ணிற்கும் பயனுண்டு. ஆனால் அதற்கு முன்னே, “உன்னால் ஆனதைச் செய்தாயா? பிறருடையதைப் பார்த்து எழுதாமல் செய்தாயா?” என்று கேளுங்கள். எந்தக் கேள்வி முதலில் வருகிறது என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். எண் ஒன்றையே கேட்டு வளர்க்கப்பட்ட பிள்ளை, அந்த எண்ணை விலைக்கு வாங்கவோ விற்கவோ ஒருவன் வரும்போது, அவனை மறுக்கக் காரணம் தேடித் தவிக்கும்.