கழித்தல்

மீன் வளர்ப்பவன் ஜீவகாருண்யம் உள்ளவன் என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் நண்பர்கள் மொட்டைமாடித் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, கவிதை எழுதுகிறவனுக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். நான் மறுப்பதில்லை. கப்பி மீனில் ஒரே நிறத்தை நிலைநிறுத்த முயல்பவன் செய்யும் வேலையில் பெரும்பகுதி வளர்ப்பதல்ல, கழிப்பது என்பதை அவர்களிடம் சொன்னதுமில்லை.

ஆறு வருஷமாக நான் தேடுவது முழுச் சிவப்பு. தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே சிவப்பு. ஒரு கரும்புள்ளிகூட இருக்கக் கூடாது. கொளத்தூரில் வாங்கிய மூன்று ஜோடியில் ஆரம்பித்தது. கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகள். அசந்தால் தாயே தின்றும்விடும். மூன்று வாரத்தில் ஆண் பெண் பிரித்துவிட வேண்டும். பெண்ணுக்கு வயிற்றடியில் கருத்த பொட்டு; ஆணுக்கு அடித்துடுப்பு குச்சிபோல் கூரத் தொடங்கும். நிறம் முழுதாக ஏற இரண்டு மூன்று மாதமாகும். அதன்பின் ஒவ்வொன்றாக வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, காலை வெளிச்சத்தில் பார்ப்பேன். ஐம்பதில் மூன்றோ நாலோ தேறும். மிச்சத்தை, ஆஸ்கார் மீன் வைத்திருக்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியில் வாங்கிக்கொண்டு போகிறார். நான் பணம் வாங்குவதில்லை. அதை ஏதோ ஒரு நியாயமாக வைத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

கொலை இங்கே பிரச்சினை அல்ல. நெத்திலிக் குழம்பு சாப்பிடுகிறவன் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பிரச்சினை, 'குறை' என்ற சொல்லில் இருக்கிறது. வாலில் கடுகளவு புள்ளியோடு நீந்தும் மீனுக்கு ஒரு குறையுமில்லை. குறை என் கண்ணில். வாளிக்குப் போவது அது.

இயற்கையும் கழிக்கத்தானே செய்கிறது என்பது எங்கள் வட்டாரத்தில் தயாராக இருக்கும் பதில். டார்வினைக்கூடத் துணைக்கு அழைப்பார்கள். 1859இல் வந்த அவர் நூலின் முதல் அத்தியாயமே வீட்டு வளர்ப்பைப் பற்றியதுதான். அவரே புறா வளர்த்தார், லண்டன் புறாக்காரர்களோடு பழகினார். (கராகாஸிலிருந்து வந்த இந்த மீனுக்குப் பீட்டர்ஸ் விஞ்ஞானப் பெயர் வைத்ததும் அதே 1859. தற்செயல், அர்த்தம் தேட வேண்டியதில்லை.) டார்வின் மனிதனின் தேர்விலிருந்து இயற்கையின் தேர்வுக்குப் போனார். நாங்கள் அதே பாதையில் திரும்பி வந்து, இயற்கையை எங்களுக்குச் சாட்சி சொல்லச் சொல்கிறோம்.

அந்தச் சாட்சி என்ன சொல்கிறது? டிரினிடாட் தீவின் ஓடைகளில் ஜான் எண்ட்லர் கப்பிகளைப் பார்த்து, 1980இல் எழுதினார். கொன்று தின்னும் பெரிய மீன்கள் உள்ள இடத்தில் ஆண் கப்பிகள் மங்கலாக இருக்கின்றன. அங்கிருந்து எடுத்து, அபாயம் குறைந்த மேலோடையில் விட்டால், ஓரிரு வருஷத்தில் அவற்றின் சந்ததியில் நிறம் கூடிவிடுகிறது. ஆகக் கழிவு அங்கேயும் உண்டு. ஆனால் அந்த ஓடையில் இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று தின்னவரும் மீனுடையது. மற்றது பெண் கப்பியுடையது. அவளுக்கு ஆரஞ்சுப் புள்ளி பிடிக்கிறது. அந்தச் சாயத்தில் ஒரு பகுதியை உடல் தானாகச் செய்துகொள்ள முடியாது, பாசி முதலிய இரையிலிருந்துதான் வரவேண்டும். அதைவிட முக்கியம், பார்த்துப் பழகிய கோலத்தைக் காட்டிலும் பழகாத கோலமுள்ள ஆணிடம் அவள் போகிறாள். அரிதாக இருப்பவனுக்கு வாய்ப்பு கூடுதல். காட்டுக் கப்பிகளில் ஓர் ஆண் இன்னோர் ஆணைப்போல இருப்பது அபூர்வம். என் தொட்டியில் அவளுக்குத் தேர்வென்று எதுவும் இல்லை. ஒரே சிவப்பில் எல்லோரும். நான் செய்வது இயற்கையின் வேலையைத் துரிதப்படுத்துவதல்ல. ஒரு பார்வையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதை வைத்திருக்கிறேன்.

சென்ற வருஷம் ஒரு பிரசவத்தில் பதினோரு ஆண்களுக்கு வாலில் கருநீலக் கோடு வந்தது. கொசுப்புழுவுக்காகச் சிமெண்ட் தொட்டியில் விட்டிருந்த கலப்புக் கப்பிகளில் ஒன்று வலை மடிப்போடு வந்து விழுந்திருக்க வேண்டும். சில கோலங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்று ஷ்மிட் 1920லேயே காட்டியிருக்கிறார். பெண் கப்பியோ ஒருமுறை சேர்ந்த ஆணின் வித்தைப் பல மாதம் உடம்பில் வைத்திருக்கும். ஆண் போன பிறகும் பிள்ளை பெறும். வியாபாரியிடம் போனில் கேட்டேன். "லைன் கெட்டுப்போச்சு சார். அந்தப் பொம்பளை மீனை வச்சுக்காதீங்க, வயித்துல இன்னும் இருக்கும்" என்றார். கீழே வந்து மனைவியிடம் சொன்னேன்: "அது கெட்டுப்போச்சு." கூடத்தில் அம்மா இருந்தாள். எண்பத்திரண்டு வயசு. "யாரு?" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஓர் ஆள் இருந்தாள். அப்பாவின் தங்கை. 1974இல் வேறு ஜாதிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். கல்யாணம் என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை. குடும்பப் போட்டோவில் அவள் நின்ற பக்கத்தை வெட்டிவிட்டு மறுபடி சட்டம் போட்டார் தாத்தா. அவர் தோளில் நாலு விரல் மட்டும் மிஞ்சியது. அந்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இருபது வயதில் அதை வைத்து ஒரு கவிதை எழுதினேன், அச்சிலும் வந்தது. கோபமான கவிதை.

மீனும் மனுஷியும் ஒன்றல்ல. இந்த ஒப்புமையை இழுத்துக்கொண்டு போவது மலிவான காரியம், தெரியும். எனக்கு உறுத்துவது மீன் அல்ல, கிண்ணத்தைச் சாய்த்துப் பார்க்கிற கை. அதற்குச் சுத்தத்தில் ஓர் இன்பம் இருக்கிறது, அந்த இன்பம் பொய்யுமல்ல. தேறிய மூன்று சிவப்பு மீன்கள் வெயிலில் ஒன்றாகத் திரும்பும்போது எனக்கு வேறெதுவும் வேண்டியிருப்பதில்லை. அதை மறுத்துவிட்டு நல்லவனாவது சுலபம். உடன்பிறந்தவற்றையே சேர்த்துச் சேர்த்து முதுகு வளைந்த குஞ்சுகள் வரும்போது வெளியிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்து சேர்க்கிறோம், அது கொண்டுவந்த கோலத்தை மறுபடி கழிக்கிறோம்; இதையும் அந்த இன்பத்துக்காகவே செய்கிறோம். தாத்தாவும் எதையோ அழகு என்று நினைத்துத்தான் கத்திரிக்கோலை எடுத்திருப்பார் என்று முதல்முறையாகத் தோன்றியது. என் கவிதையில் அவர் வெறும் மிருகம்.

"மீனம்மா" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அவ நல்லாப் பாடுவா" என்றாள்.

அந்தத் தாயையும் பதினோரு மகன்களையும் சிமெண்ட் தொட்டியில் விட்டுவிட்டேன். ஆஸ்கார்க்காரர் இரண்டு ஞாயிறு கேட்டுப் பார்த்தார், தரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவர் வெறும் வாளியோடு போக வேண்டாமென்று, சிவப்பு வரிசையில் கழித்ததைக் கொடுத்தனுப்பினேன்.