துருப்பிடித்த மூடி

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரைச் சேவிக்க வருகிறவர்களில் பலர் பக்கத்துத் திருநாதர்குன்றுக்குப் போவதில்லை. அங்கே பாறை முகத்தில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அருகே ஒரு பழைய கல்வெட்டு. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் நினைவாகப் பொறித்தது. எழுத்து வரலாறு படிப்பவர்கள் அதிலுள்ள ‘ஐ’ எழுத்துக்காகத் தேடிப் போவார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது வேறு ஒரு சொல். சந்திரநந்தியை அந்தக் கல்வெட்டு ‘ஆசிரிகர்’, அதாவது ஆசிரியர், என்கிறது. அவர் உயிரைவிட்டது தம் நோன்புக்காக, தாமே விரும்பி. நாமோ ஆசிரியர் என்றாலே உயிரையும் கொடுப்பவர் என்று வைத்துக்கொண்டுவிட்டோம்.

கும்பகோணத்துக்குப் பிறகு அந்த எதிர்பார்ப்புதான் கோபமாக மாறியது. 2004 ஜூலை 16, காசிராமன் தெரு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. கீழே இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் இறந்தார்கள். ‘டீச்சருங்க பிள்ளைங்கள விட்டுட்டு ஓடிட்டாங்க’ என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பத்து ஆண்டு கழித்து, 2014 ஜூலை 30-ல், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. விடுவிக்கப்பட்டவர்களில் ஆசிரியைகளும் இருந்தார்கள். 2017-ல் உயர் நீதிமன்றம் நிறுவனரின் தண்டனையை அவர் அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது.

சட்டத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. அறத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. தீ பிடித்த வகுப்பிலிருந்து ஓடிய ஆசிரியர் தவறு செய்தவரா?

சுலபமான பதில் இரண்டு உண்டு. ‘பெற்ற தாயாக இருந்தால் ஓடியிருப்பாளா?’ என்பது ஒன்று. ‘அவர்களும் மனிதர்கள்தானே, வாங்குகிற சம்பளத்துக்கு உயிரையா கொடுப்பார்கள்?’ என்பது மற்றது. இரண்டிலும் ஒரே ஓட்டை. தீ பிடித்த அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் பார்க்கின்றன. அதற்கு முன்னால் போன ஐந்து ஆண்டைப் பார்ப்பதில்லை. கீற்றுக் கூரைக்கு அடியில் பிள்ளைகளை உட்கார வைத்தது யார்? எந்தப் பக்கம் இறங்க வேண்டும், யார் முன்னால் போவது, யார் கடைசியில் வருவது என்று அந்த ஆசிரியர்களுக்கு ஒருநாளாவது யாராவது சொன்னார்களா? சொல்லிக்கொடுக்காத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டுத் தேறவில்லை என்று திட்டுவது, பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியாத அநியாயம் இல்லை.

அதற்காக ஆசிரியருக்குக் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. தியாகம் வேறு, கடமை வேறு. தியாகத்தை நியமன ஆணையில் எழுத முடியாது. அது அவரவர் தாமாகச் செய்வது. ஆனால் தியாகத்துக்குக் கீழே சின்னச் சின்னக் கடமைகள் நிறைய இருக்கின்றன. தலை எண்ணுவது. கழிப்பறைக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததா என்று பார்ப்பது. பூட்டின கதவைக் கண்டால் ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்பது. இவற்றைக் குறைந்த சம்பளம் தள்ளுபடி செய்யாது.

செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், 2025 ஜனவரி 3 அன்று, விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் செப்டிக் டேங்கில் விழுந்து எல்.கே.ஜி. குழந்தை ஒன்று இறந்தது. தொட்டியை மூடியிருந்த இரும்புத் தகடு துருப்பிடித்து, பாரம் தாங்காமல் போயிருந்தது. தாளாளர், முதல்வர், வகுப்பாசிரியை மூவரும் கைதானார்கள். யார் மீது எவ்வளவு குற்றம் என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் உறுத்தும். இரும்பு ஒரு ராத்திரியில் துருப்பிடிக்காது. முதலில் ஓரத்தில் செம்பட்டை நிறம் ஏறும், பிறகு செதில் உரியும், மழைக்காலம் ஒன்றிரண்டு போனால் காலை வைத்ததும் நெளியும். எந்தப் பள்ளியிலும் அப்படியொரு மூடியைத் தினமும் கடந்து போகிறவர்கள் இருப்பார்கள். பெருக்கும் ஆயா, தண்ணீர் மோட்டார் போடுகிறவர், வேன் டிரைவர், பி.டி. வாத்தியார். பார்த்தும் சொல்லாமல் இருப்பது ஏன்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தனியார் பள்ளியில் ‘சார், அந்த மூடி சரியில்லை’ என்று சொல்வது சின்ன வேலை இல்லை. ஒருமுறை சொன்னால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். மறுமுறை சொன்னால் முகம் மாறும். மூன்றாம் முறை சொன்னவருக்கு ஜூன் மாதம் வேலை இருக்குமா என்பது சந்தேகம். பாதுகாப்பு என்றதும் கேமராவும் காம்பவுண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைநிலை ஊழியர் பயமில்லாமல் குறை சொல்ல முடிவதுதான் முதல் பாதுகாப்பு. அந்த வாயை அடைத்து வைத்திருக்கும் நிர்வாகம், நாளைக்கு விபத்து நடந்தால் அதே ஊழியரைக் காட்டி ‘கவனக்குறைவு’ என்று சொல்லும் யோக்கியதையை இழந்துவிடுகிறது.

கோட்டை கட்டுவது செஞ்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பெரும் பிளவு. அதன்மேல் ஒரு பாலம். அன்று அது மரப்பாலம்; அதை எடுத்துவிட்டால் எதிரி மேலே வர முடியாது. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை சுற்றிக் கிடந்த கோட்டை இது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம் கோட்டை இல்லை. செஞ்சிக் கோட்டைக்கு ஆபத்து வெளியிலிருந்து வந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் செத்த கதைகளில் பெரும்பாலும் ஆபத்து உள்ளேயே இருந்தது: கூரையில், தொட்டி மூடியில், 2012-ல் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டையில். கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் சாவியோடு டீ குடிக்கப் போனால் பாலத்தை எடுத்துவிட்டு உள்ளே இருப்பவர்களை அடைத்தது போலத்தான்.

ஆபத்து மனித உருவிலும் உள்ளே வரும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாம் நடந்தது. பயிற்சியாளர் என்று வந்தவரின் சான்றை யாரும் சரிபார்க்கவில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான மாணவி சொன்ன பிறகும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். இப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் பிள்ளையைவிடப் பெரிதாகிவிட்ட இடத்தில் எத்தனை கேமரா மாட்டியும் பயனில்லை.

நிர்வாகங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதைக் கேலி செய்துவிட முடியாது. செஞ்சி வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் போட்டு, விளைச்சல் பணம் வந்த பிறகு ஃபீஸ் கட்டுகிற குடும்பங்கள் பல. ‘எல்லா வசதியும் செய்தால் கட்டணம் ஏறும், ஏறினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போகும்?’ என்கிறார்கள். பாதிதான் உண்மை. தலை எண்ணக் காசு வேண்டாம். மாதம் ஒருநாள் மணியடித்து எல்லாரையும் மைதானத்துக்கு இறக்கிப் பார்க்க அரை மணி நேரம் போதும். சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரின் ஊக்கைப் பிடுங்கி ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லித்தர, தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள். கும்பகோணத்தை ஒட்டி எழுந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளி கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, ஊழியர்களுக்குத் தீயணைக்கப் பயிற்சி தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் சுகாதாரச் சான்றும் ஃபைலில் பத்திரமாக இருக்கும். பயிற்சி ஃபைலில் இருந்து பயனில்லை, கையில் இருக்க வேண்டும்.

செலவு பிடிக்கிறவையும் உண்டு. இரண்டாவது படிக்கட்டுக்குப் பணம் வேண்டும்தான். அந்தப் பணம் இல்லாத பள்ளி மாடியில் வகுப்பு நடத்தக் கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை. ஏழைக்குக் குறைந்த கட்டணத்தில் கல்வி கொடுக்கிறோம் என்பது நல்ல காரியம்; அந்தக் குறைவைப் பிள்ளையின் உயிரிலிருந்து பிடித்துக்கொள்வது நல்ல காரியம் இல்லை. பெற்றோருக்குத் தெரியாமல் அவர்கள் சார்பில் அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளத் தாளாளருக்கு உரிமையும் இல்லை.

பெற்றோரும் கேட்பதில்லை. ரிசல்ட்டைக் கேட்கிறோம், இங்கிலீஷ் பேசுமா என்று கேட்கிறோம், வேன் வாசலுக்கு வருமா என்று கேட்கிறோம். அடுத்த முறை ஃபீஸ் கட்டப் போகும்போது அலுவலக அறையோடு திரும்ப வேண்டாம். வராண்டாவில் சின்னப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருக்கும் ஆயாவிடம் போய், ‘தீ கீ பிடிச்சா பிள்ளைங்கள எந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போவீங்கம்மா?’ என்று கேளுங்கள். அவர் கையை நீட்டி வழியைக் காட்டினால் பிள்ளையை விட்டுவிட்டு வாருங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் அலுவலக அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தால், கட்ட வைத்திருந்த பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு தாளாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.