முதலில் பேசுவது யார்?

"யோசிக்காதே, தோன்றியதைச் செய்." நவீனக் கலைக் குழுக்களின் பழைய மந்திரம் இது. அறிவும் ஒழுக்கமும் காவல் நிற்காதபோது மனம் சொல்வதை அப்படியே பதிய வேண்டும் என்று 1924இல் பாரிஸில் சர்ரியலிஸ்டுகளின் அறிக்கை கேட்டது. காவலை விலக்கினால் உண்மை வெளிவரும் என்பது நம்பிக்கை. பெண்ணுக்கும் அப்படித்தானா?

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் இதற்கொரு கதை உண்டு. தில்லையில் சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடினார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் ஈடுகொடுத்தாள். சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினான். காளி நாணி நின்றாள், தோற்றாள். இன்று அவளுக்கு ஊரின் வட எல்லையில் தனிக்கோயில். அவளுக்குத் திறமை போதவில்லை என்று கதை சொல்லவில்லை. அவள் யோசிப்பதற்கு முன்பே உடம்பு முடிவெடுத்துவிட்டது. தன்னெழுச்சி என்றால் அதுவும் தன்னெழுச்சிதான்.

"காலை ஒடுக்கி உட்கார்" என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நம்மைத் தடையில்லாமல் பேச விட்டால், முதலில் பேசுவது நமக்குள் குடியேறிய அந்தக் குரல்தான். பணிவும் தயக்கமும் நம்மிடமிருந்து எவ்வளவு இயல்பாக வருகின்றன!

அதே ஊர் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் கரணங்களை ஆடும் பெண்கள் கல்லில் நிற்கிறார்கள். காலை உயரத் தூக்கியவர்களும் அவர்களில் உண்டு. கதையில் எழாத கால் கல்லில் எழுந்திருக்கிறது. நாணம் பெண்ணின் இயற்கை என்றால், இந்தப் பெண்கள் யார்? ஆடக் கற்றவர்கள்.

சந்திரலேகா இதை அறிந்திருந்தார். பரதம் பயின்றவர், பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். பெண்கள் இயக்கத்துக்குச் சுவரொட்டிகள் வரைந்தார். 1985இல் 'அங்கிகா'வோடு திரும்பியபோது பரதத்தோடு யோகாவையும் களரிப்பயிற்றையும் சேர்த்தார். நளினத்துக்குப் பழக்கப்பட்ட உடலுக்கு அதன் முதுகெலும்பை நினைவூட்டினார். சுதந்திரமான அசைவு அவருக்குத் தற்செயலாக வந்ததில்லை. கற்றதைக் கழற்றும் நீண்ட உழைப்பில் வந்தது.

ஆகவே, ஒத்திகையில் தயங்கி நிற்கும் பெண்ணைக் 'கட்டுப்பெட்டி' என்று சிரிக்கும் குழு தன்னைப் புரட்சிக் குழு என்று அழைத்துக்கொள்ள முடியாது. தயங்கவும் தவறவும் மறுபடி தொடங்கவும் அவளுக்கு நேரம் தர வேண்டும். வேண்டாம் என்றால் விலகவும் இடம் வேண்டும். கட்டளைக்குப் பணிந்து தூக்கிய கால், எவ்வளவு உயர எழுந்தாலும், அவளுடையது அல்ல.