ஆயுதத்துக்கு முந்தியது அறம்

சட்டத்துக்கு மக்கள் ஏன் பணிகிறார்கள்? துப்பாக்கிக்கு அஞ்சியா, அதை ஏந்துபவரின் நடுநிலையை நம்பியா? இந்தக் கேள்விக்கு சாலமன் தீவுகள் கொடுத்த விலை பெரிது. 1998இன் இறுதியில் குவாடல்கனால் தீவினருக்கும், மலைட்டா தீவிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்களுக்கும் மோதல் மூண்டது. நடுவே நின்று தடுத்திருக்க வேண்டிய காவல்துறை தானும் இனவாரியாகப் பிளந்தது. 2000 ஜூன் 5 அன்று, ‘மலைட்டா ஈகிள் ஃபோர்ஸ்’ என்ற குழு காவலர்கள் சிலரின் துணையோடு தலைநகர் ஹோனியாராவின் ரோவ் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றியது. பிரதமர் உலுஃபாலுவையும் பிணையாகப் பிடித்தது. ஆயுதம் இல்லாததால் விழுந்த அரசு அல்ல அது. நம்பிக்கை போன பிறகு, அரசின் ஆயுதமே அரசுக்கு எதிராகத் திரும்பியது.

அதே நாட்களில் இரு தரப்பின் காவலரண்களுக்கும் இடையே வேறு சிலர் நின்றார்கள். அவர்கள் மெலனீசிய சகோதரர்கள் என்ற ஆங்கிலிக்கத் துறவியர். எதிரெதிர் முகாம்களுக்கு நடந்து சென்று காணாமல் போனவர்களைத் தேடினார்கள். இறந்தவர்களின் உடல்களை மீட்டு உறவினரிடம் சேர்த்தார்கள். பின்னர் போராளிகளிடமிருந்து துப்பாக்கிகளைக் கேட்டு வாங்கி, கடலில் மூழ்கடித்தார்கள். கையில் இருந்தது ஊன்றுகோல் மட்டுமே. 1925இல் இந்தச் சபையைத் தொடங்கிய இனி கோபுரியா, காலனியக் காவல்படையில் பணியாற்றி விலகியவர். ஆணையிட்டு அடக்கும் பணியை விட்டு, ஆயுதமின்றி ஊர் ஊராகச் செல்லும் பணியை அவர் தேர்ந்தார்.

‘அறம் அவர்களைக் காக்கவில்லையே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2003இல் குவாடல்கனால் போராளித் தலைவர் ஹெரால்ட் கெக்கேயின் குழு அந்தச் சகோதரர்களில் ஏழு பேரைக் கொன்றது. அந்த ஜூலையில் ஆஸ்திரேலியா தலைமையிலான ‘ராம்சி’ படை ஆயுதங்களோடு வந்திறங்கிய பிறகே கெக்கே சரணடைந்தார். கொலையாளியைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தப் பலம் வேண்டும். துறவியரின் தியாகம் அந்தத் தேவையை நீக்கிவிடாது. ஆனால் ராம்சிக்கு வழிவிட்டது பலம் மட்டுமா? அது சாலமன் அரசின் வேண்டுகோளின்பேரில் வந்தது. இரு இனங்களில் எதையும் சாராதது. போரால் களைத்த மக்கள் அதை வரவேற்றார்கள். ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை அவர்கள் ஒப்படைத்ததற்கு அந்த நடுநிலை மீதான நம்பிக்கை பெரும் காரணம். ரோவ் கிடங்கில் குறைவாக இருந்ததும் அதுவே.

‘மக்கள்தொகை குறைந்த, தேவாலயத்துக்குச் செவிசாய்க்கும் நாட்டில் நடந்தது எல்லா இடத்துக்கும் பொருந்துமா?’ என்பது அடுத்த தடை. சகோதரர்களின் ஊன்றுகோலுக்கு அங்கே கிடைத்த மரியாதை எல்லா நாட்டிலும் கிடைக்காது. ஆனால் ஒருதலைச் சார்பு எங்கும் ஒரே கேட்டைத்தான் விளைவிக்கும். அந்தக் கேட்டைக் கண்ட பிறகு, ராம்சி காலத்தில் துப்பாக்கியின்றியே பணியாற்றிய சாலமன் காவல்துறைக்கு, 2017இல் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆயுதம் திரும்பக் கொடுக்கப்பட்டது. முதலில் நம்பிக்கை, பிறகே ஆயுதம் என்ற அந்த வரிசைதான் சரியானது. பலத்தை அறம் ஆளலாம். அறத்தின் இடத்தைப் பலம் ஒருபோதும் நிரப்பாது. அதனால் ஒரு காவலரிடம் ஆயுதத்தை ஒப்படைக்கும் முன் சமூகம் சோதிக்க வேண்டியது அவருடைய குறிபார்க்கும் திறனை அல்ல. தன் இனத்தவனே குற்றம் செய்தாலும் அவனைப் பிடிக்கும் துணிவு அவருக்கு உண்டா என்பதை.