உடம்பாகிய ஆலயமும் நஞ்சு நீக்கமும்

பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன் எழுந்தது ஆலகால விடம். தேவர்கள் அஞ்சி ஓட, எம்பெருமான் அதனை உண்டு கண்டத்தில் நிறுத்தி நீலகண்டரானார். பிரதோஷ வேளையில் நந்தியின் முன் நிற்கும் அடியார்கள் நினைந்துருகுவது இக்கருணையையே.

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டவர் திருமூல நாயனார். அவ்வாலயத்தினுள்ளும் நாள்தோறும் நஞ்சு எழுகின்றது. அதனை ஏற்க வலப்பக்க விலாவின் கீழ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுள்ள ஈரலை இறைவன் அமைத்திருக்கின்றான். குடலிலிருந்து வரும் இரத்தம் உடம்பெங்கும் பரவுமுன் ஈரலுக்கே செல்கின்றது. புரத உணவு சிதையும்போது உண்டாகும் அமோனியா, மிகுந்தால் மூளையை மயக்கும் நஞ்சு. ஈரல் அதனை யூரியாவாக மாற்றிவிடும். பெருமான் கண்டத்தில் நிறுத்தினார். ஈரலோ நிறுத்திவைப்பதில்லை, உருமாற்றி அனுப்புகின்றது.

அதனை வெளியேற்றுவது சிறுநீரகங்களின் தொண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடித்து, வேண்டியதை மீட்டு, ஒன்றரை லீற்றர் அளவையே சிறுநீராகக் கழிக்கின்றன. ஒரே இரத்தம் திரும்பத் திரும்ப வடிக்கப்படுவதால்தான் கணக்கு இவ்வளவு பெருகுகின்றது.

சாராயம் ஈரலிற் புகுந்ததும் முதலில் தன்னிலும் கொடிய ஒரு நஞ்சாகி, அதன் பின்னரே தணிகின்றது. நாள்தோறும் இதனைச் சுமக்கும் ஈரல் காலப்போக்கில் தழும்பேறிச் சுருங்கும். திருவிழாவுக்காகக் குடியை நிறுத்திவிட்டுக் கொடியிறக்கத்தன்றே தவறணை வாசலில் நிற்பவர்களுக்கு இதற்கு மேற் சொல்ல ஒன்றுமில்லை.

கந்தசட்டி நோற்றால் இரத்தம் சுத்தமாகும் என்று நம்புவோர் பலர். விரதம் மனத்தை முருகப்பெருமான்பால் நிறுத்துவதற்கானது. இரத்தத்தைச் சுத்தஞ் செய்யும் வேலை நாள்தோறும் நடக்கின்றது. அதற்கு ஆறு நாட் பட்டினி வேண்டியதில்லை. தண்ணீரும் அருந்தாதிருந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைந்து அத்தொண்டே தடைப்படும். இளநீர் மட்டும் குடித்து நோற்பது பாதுகாப்பு என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இளநீரில் பொற்றாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அது வெளியேறாமல் தங்கி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவரோ உணவின்றி இருக்கையில் சீனி இறங்கி மயங்கி விழலாம். மூலஸ்தானத்தின் முன்னே அம்மாமார் மயங்கி விழுவதைப் பக்தி மயக்கமென்று எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரும் பிழை.

ஆறு நாளும் உபவசிப்பதே உத்தமம் என்ற நாவலர் பெருமானும், இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒரு பொழுது உண்டு ஆறாம் நாள் உபவசிக்கலாம் என்று சைவ வினாவிடையில் வழி விட்டிருக்கின்றார். நோயுள்ளவர்கள் காப்புக் கட்டுமுன் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, எந்தக் குளிசையை எப்போது எடுப்பது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று கேட்டறிந்துகொள்ளலாம். வைத்தியர் வேண்டாமென்று சொன்னால், அந்த ஆறு நாளும் கோயிலிற் பூமாலை கட்டவும் கந்தபுராணப் படிப்புக் கேட்கவும் நிறைய இடமுண்டு.