மண் சோறும் பொய்யும்

லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பிள்ளைகளின் சமையல் விளையாட்டு மட்டும் மாறவில்லை. சிரட்டைதான் சட்டி, மணல்தான் அரிசி, கிள்ளிப் போட்ட இலைதான் கீரை. ரப்பர் கொட்டை அகப்பட்டால் அது கறியும் ஆகும், முட்டையும் ஆகும். மலாய்ப் பிள்ளைகள் இதனை மாசாக்-மாசாக் என்பார்கள். நம் பிள்ளைகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். பழந்தமிழில் இதற்குச் சிறுசோறு என்று பெயர். ஊரில் கூட்டாஞ்சோறு என்பது வேறு. அதில் வீட்டுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து மெய்யாகவே உலை வைப்பார்கள். நான் எழுத வந்தது மண் சோற்றைப் பற்றி.

அந்தச் சோற்றைப் பரிமாறும்போதுதான் மார்க்கக் கேள்வி ஒன்று பிறக்கிறது. பேத்தி சிரட்டையை நீட்டி, "சாப்பிடுங்க நன்னா" என்கிறாள். நன்னாவும் வாயை அசைத்து, "நல்ல ருசி, உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்" என்கிறார். அங்கே சோறும் இல்லை, உப்பும் இல்லை. ஜும்ஆ முடிந்து நின்றபோது அன்பர் ஒருவர் கேட்டார்: "பிறரைச் சிரிக்க வைக்கப் பொய் சொல்பவனுக்குக் கேடு என்று ஹதீஸ் இருக்கிறதே, இது பொய்யில்லையா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளெல்லாம் நாவினால் பிழைக்கிறவர்கள் நாம். எது பொய், எது பொய்யன்று என்ற கணக்கு மற்றவரைவிட வியாபாரிக்கு அவசியம்.

அபூதாவூதில் வரும் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுபிள்ளையாய் இருந்தபோது நடந்தது. தாயார், "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். வீட்டில் வீற்றிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், "என்ன கொடுக்க எண்ணினாய்?" என்று கேட்டார்கள். "பேரீச்சம்பழம்" என்றார் தாயார். ஒன்றும் கொடாதிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் அறிவித்தார்கள். பிள்ளைதானே என்று அங்கே தள்ளுபடி இல்லை.

மற்றது, ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள். அவற்றின் நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணியால் இரண்டு இறக்கை. "குதிரைக்கு இறக்கையா?" என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். "சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா?" என்று பதில் வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியும்படி நாயகம் அவர்கள் சிரித்தார்கள். பொம்மை கூடுமா, கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு. வெறுங்கையால் பிள்ளையை அழைப்பது பொய்யாகும் என்று எச்சரித்த அதே நாயகம், இல்லாத இறக்கையைப் பொய் என்று சொல்லவில்லை.

இரண்டுக்கும் பேதம் எங்கே? வாசகத்திலே இல்லை, கேட்கிறவரிடத்திலே இருக்கிறது. மண் சோறு மண்தான் என்று நமக்கு முந்தியே பேத்திக்குத் தெரியும், அவளே அள்ளியது. நாம் ருசி சொல்வதால் அவள் ஏமாறுவதில்லை. மெய்யாகவே ஒரு கவளம் வாயில் போட்டு விழுங்கிப் பாருங்கள், அவளே பதறிப்போய் உம்மாவைக் கூப்பிடுவாள்! பேரீச்சம்பழத்துக்கு ஓடிவரும் பிள்ளையோ நம்பி வருகிறது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதே, அங்கே நடந்ததும் இதுதான். மேலே தெரிந்தது உலர்ந்த தானியம். வாங்குகிறவன் நம்பியது அதை. ஈரம் விற்பவனுக்கு மட்டும் தெரியும்.

நிற்க. இப்போது பிள்ளைகள் சமைப்பது கைப்பேசிக்குள்ளே. ஜப்பானில் 2006இல் 'குக்கிங் மாமா' என்ற விளையாட்டு வந்தது. பிறகு அந்த வகையில் எத்தனையோ. வெங்காயம் நறுக்கலாம், ரொட்டி சுடலாம், வாடிக்கைக்காரர் கோபித்துப் போகுமுன் தட்டை நீட்டலாம். இதுவும் மண் சோறுதானே என்பார்கள். சமைக்கிற பாகம் அப்படித்தான். அதில் எனக்குக் குறையில்லை. பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாவிட்டால் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்று இமாம் கஸ்ஸாலி அவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இவற்றில் பல இலவசம் என்று வருகின்றன. பாதியில் அடுப்பை மாற்ற வேண்டும், ரத்தினக்கல் வேண்டும் என்கின்றன. பிள்ளை ஒரு பொத்தானை அழுத்துகிறது. பிள்ளைக்கு அது இலைக்காசு. வாப்பாவுக்கு வங்கியிலிருந்து போகும் வெள்ளி. 2014இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வாணிக ஆணையம், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகள் அழுத்தியதற்கெல்லாம் பணம் பிடித்ததாக ஆப்பிள் கம்பெனியின் மீது குற்றஞ்சாட்டியது. அந்தக் கம்பெனி குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர உடன்பட்டது. அதே ஆண்டில் கூகுள் கம்பெனியும் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பிள்ளையின் தவறு என்று நாம் பிள்ளையை அடிக்கிறோம். குவியலின் ஈரம் யாருக்குத் தெரிந்திருந்தது என்று கேட்பதில்லை. ஆகவே கைப்பேசியைக் கொடுக்கிறவர்கள் பணம் போகும் வழியை அடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். எது விளையாட்டுக் காசு, எது வாப்பாவின் காசு என்று பிள்ளைக்கு உட்கார்ந்து சொல்லித் தரவும் வேண்டும்.

அன்பரின் கேள்விக்கு வருகிறேன். மண் இட்லிக்கு ருசி சொல்லலாம், விலை பேசலாம், இலையைக் கிழித்து ஐந்து வெள்ளி என்று கொடுத்து மீதியும் கேட்கலாம். ஆனால் அழுகிற பிள்ளையை அடக்க, "நாளைக்குக் கடையிலிருந்து நிஜச் சட்டி செட்டு ஒன்று கொண்டுவருகிறேன்" என்று வாய்விட்டவர், மறுநாள் கடையை அடைக்குமுன் அதை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளட்டும்.